கெட்டித் தண்ணீர்

வாவு முகம்மதுவின் தொண்டையில் கைவைத்துப் பார்க்கும்படி சுலைகாவிடம் சொன்னது நாகலெட்சுமி. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேசவும் விழுங்கவும் பழக்கிக்கொடுக்கிற பெண். சுலைகா தயங்கினாள். கல்யாணம் முடித்து, ஒரே மகன் ஷார்ஜாவில் வேலைபார்க்கிற அளவுக்கு வருசங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் புருசனுடைய தொண்டையிலிருந்து வந்ததையெல்லாம் கேட்டிருக்கிறாளே தவிர, அந்தத் தொண்டையை அவள் தொட்டதே இல்லை.

"கூச்சப்படாதீங்கம்மா. இங்கன விரலை வைங்க, குரல்வளை மேல. பாய், இப்ப எச்சிலை முழுங்குங்க."

முழுங்குவதற்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரலுக்கடியில் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து அந்த முடிச்சு மெல்லக் கிளம்பிப் பாதி ஏறியது. ஏறிய வேகத்திலேயே வழுக்கி இறங்கிவிட்டது.

"இப்ப ஒங்க தொண்டையில வச்சுப் பாருங்க."

சுலைகா பார்த்தாள். நினைத்து முடிக்குமுன் ஏறி இறங்கியிருந்தது.

"மூச்சுக்கும் சோத்துக்கும் தொண்டை வரைக்கும் ஒரே பாதைதாம்மா," என்றாள் நாகலெட்சுமி. "அங்கனதான் ரெண்டாப் பிரியுது. முன்னால இருக்கது மூச்சுக்குழாய், பின்னால சோத்துக்குழாய். நாம முழுங்குறப்ப நாக்கு பின்னால தள்ளும், அண்ணம் ஏறி மூக்கை அடைச்சுக்கிடும், குரல்வளை மேல போயி நாக்குக்கு அடியில ஒதுங்கிக்கிடும். அது மேல ஒரு மூடி கவுந்துக்கிடும். அந்த நேரம் மூச்சு நின்னுரும். இது அம்புட்டும் நாம நெனைக்காமலே நடக்கு. பாய்க்கு எல்லாமே தாமதமாயிருச்சு. கெட்டியா இருக்கது மெதுவாப் போகும், மூடி கவுற வரைக்கும் காத்துக்கிடக்கும். தண்ணி காத்துக்கிடக்காது. நேரா நெஞ்சுக்குள்ள எறங்கிரும்."

"பொரையேறுனா தெரிஞ்சிரும்ல?"

"அதுதாம்மா பயமே. இவுகளுக்குத் தொண்டையில உணர்ச்சி கம்மியாயிருச்சு. இருமலே வராம உள்ள போயிரும். அதனால ஒவ்வொரு வாய் கொடுத்த பெறகும் 'ஆ' சொல்லச் சொல்லுங்க. குரல் காஞ்சு வந்துச்சுன்னா சரி. கொழகொழன்னு, தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி வந்துச்சுன்னா நிறுத்திருங்க."

தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு பொடி கொடுத்தாள். நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும், தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தச் சொல்ல வேண்டும், கரண்டியில் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், தலையை மட்டும் பின்னால் சாயவிடவே கூடாது. சுலைகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொள்வதில் அவளுக்கு ரொம்ப காலப் பழக்கம் இருந்தது.

வாவு முகம்மது தேவிபட்டினம் கரையில் மீன் ஏலம் கூறியவர். வள்ளங்கள் வந்து சேர்ந்ததும் கூறு கூறாகக் கொட்டிக் கிடக்கிற மீனுக்கு நடுவே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் குரலெடுத்தால், நவபாஷாணக் கோயிலுக்கு வந்து கடலில் முங்கிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மைக் வைத்துக்கொள்ளலாமே என்று சங்கத்தில் யாரோ சொன்னதற்கு, "எனக்கு முன்னால மைக்கு என்னத்துக்குலே?" என்று சிரித்தவர். வீட்டிலும் அதே குரல்தான். சோற்றுக்கு ஊற்றுகிற ஆணத்தில் உப்பு குறைந்தால் தெருவே தெரிந்துகொள்ளும். சுலைகா ஒரு பேச்சைத் தொடங்கினால் முடிக்கிற வேலையை அவரே செய்துவிடுவார். வந்தவர்களிடம், "எங்க வீட்டுல ஒரு வாயில்லாப் பூச்சி இருக்கு" என்று அவளைக் காட்டிச் சொல்வார். அதற்கும் அவளே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைப்பாள்.

ஒருநாள் காலையில் சீலாமீன் கூறு ஒன்றுக்கு 'ரெண்டு தரம்' சொன்னவர் மூன்றாவதைச் சொல்லவில்லை. அதிகம் கேட்க ஆள் வருவதற்காகக் காத்திருக்கிறார் என்றுதான் சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். வலதுபக்கம் சரிந்து மீன் மேலேயே விழுந்த பிறகுதான் ஓடிவந்து தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் போட்டிருந்த குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சுலைகா கஞ்சியைக் கூழ்ப்பதமாகக் காய்ச்சினாள். இட்லியைப் பாலில் பிசைந்து வடிகட்டினாள். சாப்பிட்டு முடித்ததும் கன்னத்தின் ஓரத்தில் தங்கியதை விரலில் துணி சுற்றித் துடைத்தெடுத்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் 'ஆ' சொன்னார், அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். இப்படியே மாதங்கள் போயின. ஒரு தடவைகூட நெஞ்சில் சளி கட்டவில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது நாகலெட்சுமி, "இன்னும் கொஞ்ச காலம் இப்படியே பாத்துக்கிட்டா, பெறகு தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கலாம்" என்று சொன்னாள்.

பேச்சு மட்டும் சரியாக வரவில்லை. உதடு ஒருபக்கம் தொங்கிவிட்டதால் ப, ம இரண்டும் காற்றாக ஒழுகிப்போயின. நாக்கு நுனி மேலே எட்டாததால் த, ண வராது. அடித்தொண்டையில் பிறக்கிற எழுத்துகள் மட்டும் அரைகுறையாக வந்தன. 'தண்ணி' என்பது 'அங்ஙி' என்று வரும். 'சுலைகா' என்பது 'உஐகா'. வேறு யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை, சுலைகாவுக்கு எல்லாம் விளங்கியது. இன்னது சொல்வார் என்று இத்தனை வருசமாகத் தெரிந்துவைத்திருந்தவளுக்குப் பாதி எழுத்தே போதுமானதாக இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் அவர் பேசியதும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். என்ன சொல்கிறார் என்று அவள் சொல்லுகிறவரை அந்த அறையில் எல்லோரும் வாய்மூடி இருப்பார்கள். அவரும் இருப்பார். முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. போகப்போக அது பிடித்திருந்தது. பிடித்திருப்பது தெரிந்தபோது, அல்லாஹ்விடம் பிழைபொறுக்கக் கேட்டுக்கொண்டாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தண்ணீர். கெட்டித் தண்ணீரை வாயில் வைத்தால் முகம் கோணும். 'சளி மாதிரி இருக்கு' என்று சொல்லி இடதுகையால் கரண்டியைத் தட்டிவிடுவார். அவள் தரையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் கரைத்துக்கொண்டு வருவாள். யார் வந்தாலும் அவர்களைப் பார்த்து 'அங்ஙி, அங்ஙி' என்பார்.

"என்ன சொல்றாக?" என்று கேட்பார்கள்.

"நல்லா இருக்கேங்கிறாக," என்பாள் சுலைகா.

இதை முதல்முறை சொன்னபோது, வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி மாளாது என்றுதான் சொன்னாள். பிறகு அதுவே பழகிவிட்டது. மகன் வசீம் வீடியோ காலில் வருவான். அவர் போனுக்குள் முகத்தை நீட்டி, ஒங்கும்மா எனக்குத் தண்ணி தரமாட்டேங்கிறா, நீ வந்து கேளு என்பார். சுலைகா போனைத் தன் பக்கம் திருப்புவாள். "உம்மா நல்லாப் பாத்துக்கிடுதா, நீ ஒன் வேலையப் பாருங்கிறாக வாப்பா." வசீம் அப்போதுதான் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தான். லீவு கேட்க முடியாத நேரம். தன் மேல் வைக்கப்பட்ட குற்றத்தைத் தன் வாயாலேயே மகனிடம் எடுத்துச் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. வாவு முகம்மதுவுக்குக் காது நன்றாகக் கேட்டது. தான் சொன்னது ஒன்று, அவள் சொன்னது ஒன்று என்று அவருக்குத் தெரியும். போன் வைத்த பிறகு அவளையே வெறித்துப் பார்ப்பார். அவள் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு கரண்டியை நீட்டுவாள்.

அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற தம்பி ஹமீது ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேர்ந்தான். வாவு முகம்மது பேசவில்லை. இடதுகையால் தண்ணீர்ச் சொம்பைக் காட்டினார், பிறகு தன் வாயைக் காட்டினார்.

"மைனி, காக்கா தண்ணி கேக்குறாக."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சா குடுக்க வேண்டியதுதான?"

சுலைகா சொல்லிப் பார்த்தாள். மூச்சுக்குழாய், மூடி, நெஞ்சுக்குள்ளே இறங்குவது, எல்லாமும். அவ்வளவு நீளமாக அவள் பேசி ஹமீது கேட்டதே இல்லை. அதனாலேயே அவனுக்குச் சந்தேகம் வந்ததுபோல் இருந்தது.

"தண்ணி குடிச்சுச் செத்தவன்னு யாரையும் கேள்விப்பட்டதில்ல மைனி. இம்புட்டு நாளா நாக்கு வறண்டு கெடக்காக. நீங்க என்னடான்னா கதை சொல்றீக."

மாலை அசர் தொழுகைக்குள் பள்ளிவாசல் பக்கம் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் எதிர்வீட்டுக்காரி, "என்ன இருந்தாலும் புருசன், பழசை மனசுல வச்சுக்கிடாதீக" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே ஹமீது வசீமுக்குப் போன் போட்டான்.

வசீம் லீவு வாங்கி, வழியில் மக்காவுக்குப் போய் உம்ராவையும் முடித்துக்கொண்டு, அங்குள்ள ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேனோடு வந்தான். வாப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதான். வாவு முகம்மது அவனிடம் என்னென்னவோ சொன்னார். வசீம் பழக்கத்தில் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்குமுன், "வேணாம்மா. நானே கேட்டுக்கிடுறேன்" என்றான்.

அவனுக்கு விளங்கிய ஒரே சொல் 'அங்ஙி'.

"போன்ல அவுக தண்ணி கேட்டப்பல்லாம் நீங்க வேற என்னமோ சொல்லிருக்கீக. இல்லம்மா?"

சுலைகா ஒப்புக்கொண்டாள். காரணத்தையும் சொன்னாள். அவன் காரணத்தைக் கேட்கவில்லை, ஒப்புக்கொண்டதை மட்டும் கேட்டுக்கொண்டான்.

"ஜம்ஜம் நான் குடுக்கேன்டா," என்றாள். "கஞ்சியில கலந்து குடுக்கேன். இல்லாட்டி பொடி போட்டுக் கெட்டியாக்கிக் குடுக்கேன். அல்லா குடுத்த பரக்கத்து ஒண்ணும் கொறஞ்சிராது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹமீதுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜம்ஜத்தைக் கூழாக் காய்ச்சவா? அல்லாட்ட தவ்பா செய்ங்க மைனி. அது நோவு தீர்க்கிற தண்ணி, ஷிஃபாவுக்கு உள்ளது. அதைக் குடிச்சா நோவு வரும்னு சொல்றது ஈமானா?"

"தண்ணியில ஒரு குத்தமும் இல்ல தம்பி. குத்தம் இவுக தொண்டையில."

வசீம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். கடைசியில், "அந்த ஆஸ்பத்திரி அம்மாட்ட நானே கேக்குறேன்" என்றான். சுலைகாவுக்கு உயிர் வந்தது. எப்போது கூட்டிவரலாம் என்று கேட்க மறுநாளே பஸ் ஏறி ராமநாதபுரம் போனாள். பொடியும் தீர்ந்திருந்தது. நாகலெட்சுமி கேட்டுவிட்டு, "நாளைக்கே பாயையும் மகனையும் கூட்டிட்டு வாங்கம்மா. ஒங்க மகன் கையை எடுத்துத் தொண்டையில வச்சுக் காட்டுனா அவருக்கே வெளங்கிரும்" என்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாளைக்கு மகனிடம் என்னென்ன கேட்கச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. வாவு முகம்மது தலையணையில் தலையைப் பின்னால் சாய்த்துப் படுத்திருந்தார். வசீம் அவருடைய தாடியைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தான். ஹமீது கையில் காலிக் கிளாஸ்.

"உம்மா! குடிச்சிட்டாக! பிஸ்மில்லாச் சொல்லிக் குடுத்தோம், ஒரு இருமல் இல்ல, பொரையேறல. ரெண்டாவது கிளாஸும் கேட்டு வாங்கிக் குடிச்சாகம்மா!"

சுலைகா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போனாள்.

"என்னங்க, 'ஆ' சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அப்படியொரு தெளிவு அந்த முகத்தில் வந்ததில்லை. கரையில் ஏலம் முடித்து வீட்டுக்கு வரும்போது இருக்கிற முகம். தாராளமாக வாயைத் திறந்து சொன்னார். "ஆ."

ஈரக் குரல். அடியில் எதுவோ கொதிப்பதைப் போல அந்த ஒரு எழுத்துக்குள்ளே தண்ணீர் குமிழியிட்டது.

அவரை இழுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். முன்னால் குனியவைத்து முதுகில் தட்டினாள். "இருமுங்க. பலமா இருமுங்க. என்னங்க, இருமுங்க." அவருக்கு எதற்கு என்றே புரியவில்லை. சும்மா தலையை ஆட்டினார்.

"விடுங்க மைனி," என்றான் ஹமீது. "ஒரு மனுசன் வயிறார தண்ணி குடிச்சது ஒங்களுக்குப் பொறுக்கலையா?"

வசீம் அவளுடைய கையைப் பிடித்து வாப்பாவின் முதுகிலிருந்து விலக்கினான். மெதுவாகத்தான் விலக்கினான்.

மறுநாள் காய்ச்சல் அடித்தது, நாகலெட்சுமியிடம் போவது தள்ளிப்போனது. காற்று மாறியிருக்கிறது என்று ஹமீது சொன்னான். அதற்கு அடுத்த காலையில் மூச்சு இரைத்தது, உதடு கறுத்துப்போனது. கார் பிடித்து ராமநாதபுரம் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர். நெஞ்சு படத்தில் ஒருபக்கம் அடியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"தண்ணி, காப்பி, அப்படி ஏதாவது சாதாரணமாக் குடிக்கக் குடுத்தீங்களா?" என்று வசீமிடம் கேட்டார். "நுரையீரலுக்குள்ள போயிருக்கு. அதான் நிமோனியா."

சுலைகா மகனைப் பார்த்தாள். அவன் சொல்வான் என்று இருந்தாள். பக்கத்தில் ஊர்க்காரர் யாரும் இல்லை. ஹமீதுகூட வெளியே நின்றான்.

"தெரியல டாக்டர்," என்றான் வசீம். "நான் இப்பத்தான் வெளிநாட்டுலருந்து வந்தேன்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்கதானம்மா கூட இருந்து பாத்துக்கிட்டது? இவ்வளவு நாள் அருமையாப் பாத்திருக்கீங்க. இப்ப ஏம்மா அவசரப்பட்டீங்க?"

வசீம் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டு நின்றான். சுலைகாவுக்குச் சொல்ல வாய் வரை வந்தது. ஒரு சொல், 'இவன்' என்று சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அன்று பகலில் வாவு முகம்மது மாஸ்க்கை இடதுகையால் நகர்த்திவிட்டு அவளைக் கூப்பிட்டார். "உஐகா." அவள் குனிந்தாள். வசீம் கால்மாட்டில் நின்றான். குரல் முழுக்கத் தண்ணீராக இருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். அவர் சொன்னது இது: "வசீம்ட்டச் சொல்லாத. புள்ள தாங்க மாட்டான். நீ தாங்குவ."

அப்படியானால் அவருக்குத் தெரிந்துவிட்டது. குடித்த தண்ணீர் எங்கே போனது என்று தெரிந்திருக்கிறது. அவள் மாதக்கணக்கில் எதற்காகக் கரண்டியும் கையுமாக இருந்தாள் என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. அதைப்பற்றி ஒரு சொல் வரும் என்று சுலைகா குனிந்தபடியே இருந்தாள். வரவில்லை. அவர் மகனை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரிங்க," என்றாள். அது தானாக வந்தது.

மறுநாள் மூச்சு நின்று மவுத்தாகிவிட்டார்.

மையத்து வீட்டில் கூடியிருந்தவர்களிடம் ஹமீது அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். தாகத்தில் கிடந்த காக்காவுக்கு மகன் மக்காவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும், ஒரு இருமல் இல்லாமல் குடித்ததும், முகம் அப்படியே மலர்ந்ததும். ஆண்கள் வசீமின் கையைப் பிடித்து, "பாக்கியசாலி நீ" என்றார்கள். பெண்கள் உள்ளே சுலைகாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "எதையும் மனசுல வச்சிருந்தா மன்னிச்சு விட்டுருங்க. அவுகளும் ஒங்களை மன்னிச்சிருப்பாக," என்றாள் ஒருத்தி. மன்னிக்க அவருக்கு என்ன இருந்தது என்று சுலைகா கேட்கவில்லை. நாகலெட்சுமி போனில் கூப்பிட்டபோது மட்டும், "எப்படிம்மா ஆச்சு?" என்ற கேள்விக்கு, "தண்ணி குடிச்சிட்டாக" என்றாள்.

இறந்தவருக்காகக் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் வசீம் புறப்பட்டான். சுலைகா புருசனை இழந்தவளுக்குரிய இத்தாவில் இருந்தாள். வாசல் தாண்டக்கூடாது. உள்ளறைக்கு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். எக்ஸ்ரே எடுத்த நாளிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"உம்மா. ஆஸ்பத்திரியில வாப்பா கடைசியா ஒங்கள்ட்ட என்னமோ சொன்னாகள்ல. என்ன சொன்னாக?"

அவனுக்கு வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. 'என் மகன் கையால குடிச்சேன், அது போதும்' என்று வாப்பா சொன்னதாக ஒரு வார்த்தை. கொடுத்தால் விமானத்தில் நிம்மதியாகத் தூங்குவான். எத்தனையோ தடவை அவள் இதைச் செய்திருக்கிறாள். அவர் ஒன்று சொல்ல, இவள் வேறொன்றாக்கிக் கொடுத்ததெல்லாம் இவனுடைய மனம் நோகக்கூடாது என்பதற்காகவும்தான்.

"ஒன்ட்டச் சொல்ல வேணாம்னாக," என்றாள்.

"எதைய?"

"டாக்டர் ஒன்ட்ட என்ன கேட்டாரு? அதைத்தான்."

வசீமின் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெளியிலிருந்து ஹமீது, "ஏலே வசீம், கார் வந்து நிக்கு, நேரமாச்சு" என்று குரல் கொடுத்தான். அவன் எழுந்தான். குனிந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான். "வாரேம்மா," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

சுலைகா கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். பெட்டியை டிக்கியில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகிற கார். டிரைவர் வெளியூர்க்காரன் போலிருந்தது. வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டான்.

"காக்கா மவுத்தாயிட்டாக," என்றான் ஹமீது. "இவன் வாப்பாதான். நாலஞ்சு மாசமா ஒரு சொட்டுத் தண்ணியில்லாமக் கெடந்தாக. இவன் மக்காவுக்குப் போயி ஜம்ஜம் கொண்டாந்து, இவன் கையாலயே குடுத்தான். குடிச்சிட்டு நிம்மதியாப் போயிட்டாக."

"குடுத்து வச்சவரு," என்றான் டிரைவர். "அப்படியா சார்?"

சுலைகா கதவில் கைவைத்தபடி நின்றாள்.

"ஆமா," என்றான் வசீம்.

கார் கதவு சாத்திய சத்தம் கேட்டது. வண்டி தெரு முக்கில் திரும்பி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது.